புள்ளிப் பல்லியின் இடது கண்

எனக்குக் கோபம் வந்தால் கண்ணு மண்ணு தெரியாது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். 2010இல் கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் எனக்கு ஷிப்ட் வேலை. அந்த வருஷம்தான் சென்னைக்குப் போய் ஒரு வெளிநாட்டுப் பல்லியை வாங்கி வந்தேன். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, குண்டு வால். நம் சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது, இதற்கு உண்டு. கண்ணை மூடித் திறந்து என்னைப் பார்க்கும். அதற்காகவே அதன் மேல் உசுராக இருந்தேன்.

தவிட்டில் வளர்த்த மாவுப் புழுவைத் தினம் ஐந்து போடுவேன். ஆறு மாதமாக வேறொன்றும் போட்டதில்லை. ஒரு நாள் அதன் இரண்டு கண்ணும் வீங்கி, இமைகள் ஒட்டிக்கொண்டன. தோல் உரிக்கிறது, தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். மூக்குக்கு நேரே புழுவைப் பிடித்தாலும் அது வெறும் காற்றைத்தான் கடித்தது.

அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சமயம் அது. குழந்தை பிறந்து இருபத்தைந்து நாள் ஆகியிருந்தது. அன்று நான் காலை ஷிப்ட் முடிந்து உள்ளே நுழைந்தால், அக்கா தரையில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளங்கையில் என் பல்லி. இன்னொரு கையில் குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடை. ஒட்டிய இமை மேல் சொட்டுச் சொட்டாகத் தாய்ப்பால் விட்டுக்கொண்டிருக்கிறாள்.

"மெட்ராஸ் ஐ வந்தா நமக்கு விடுவாங்கல்ல, அதான்டா. பாக்கவே பாவமா இருக்கு" என்றாள்.

"என் பல்லியக் குருடாக்கவா இங்க வந்து குந்தியிருக்க?" என்று கத்திக்கொண்டே அறைந்தேன். அக்கா என்றும் பார்க்கவில்லை, பிள்ளை பெற்ற உடம்பு என்றும் பார்க்கவில்லை. அவள் வாய் பீரோக் கைப்பிடியில் மோதிக் கிழிந்தது. ரத்தம் கழுத்து வழியாக ஜாக்கெட்டில் இறங்கியது. கீழே விழுந்த பல்லி கண் தெரியாமல் ஓடிச் சுவரில் முட்டி, திரும்பவும் முட்டியது. நான் அக்காவை விட்டுவிட்டு அதைத்தான் போய் எடுத்தேன்.

அம்மா தென்னந்துடைப்பத்தால் என் முதுகில் விளாசினாள். குழந்தையைப் பார்க்க வந்திருந்த மாமா, அக்கா புருஷன், தோட்டத்திலிருந்து ஓடிவந்தார். "பச்ச ஒடம்புக்காரிய அடிக்கிறியா, நாயே!" என்று என் வாயிலேயே குத்தினார். நானும் விடவில்லை, அவர் வயிற்றில் உதைத்தேன். தூளியில் குழந்தை வீறிட்டது. சாயங்காலத்துக்குள் ஆட்டோ வந்து, அக்காவும் குழந்தையும் மாமாவோடு சிதம்பரத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அம்மா எனக்குச் சோறு போடுவதை நிறுத்திவிட்டாள். போங்கள் எல்லாரும் என்று நானும் வீம்பாக இருந்தேன்.

மூன்று நாள் கழித்து, பல்லியைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் சிதம்பரத்தில்தான் இருந்தார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் இமைகளை ஊறவைத்து, பஞ்சால் மெதுவாக நெம்பினார். வலது கண்ணிலிருந்து தயிர்க்கட்டி போல ஒன்று வெளியே வந்தது. உள்ளே கண் இருந்தது. இடது இமையைத் திறந்தபோது சீழ் பீறிட்டது. பல்லி வாயைப் பிளந்து அவர் விரலைக் கடித்தது.

"எடது கண்ணு அழுகிப் போச்சு. இனிமே வராது" என்றார்.

"எங்க அக்காதான் மேடம் பாலை ஊத்திக் கெடுத்துட்டா."

"அவுங்க ஊத்தி எத்தன நாளாச்சு?"

"மூணு நாள்."

"கண்ணு மூடி?"

"இருபது நாள் இருக்கும்."

"அப்ப பதினேழு நாளா நீங்க என்னா பண்ணீங்க?"

என்ன தீனி என்று கேட்டார், சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். வெறும் தவிட்டுப் புழுவில் வைட்டமின் ஏ கிடையாதாம். அது இல்லாவிட்டால் கண்ணீர் சுரக்கிற இடமே கெட்டு, உள்ளே கட்டி சேர்ந்துவிடுமாம். புழுவுக்கு முதலில் கேரட்டும் கீரையும் போட வேண்டும், வைட்டமின் பொடியில் புரட்டிக் கொடுக்க வேண்டும், அதுவும் ஜாஸ்தியானால் விஷம் என்றார். "பாலால ஒண்ணும் கெடல. நல்லதும் ஆவல. இது நீங்க பட்டினி போட்ட மாதிரிதான்."

அந்த மேஜையை அப்படியே கவிழ்க்க வேண்டும் போல் இருந்தது. யார் மேல் அந்தக் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

டப்பாவோடு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "வுடுங்க அவன" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. தோளில் குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். உதட்டில் தையல் போட்டிருந்தது. மாமா கையை எடுத்தார்.

"என்னாலதான்க்கா கண்ணு போச்சு. ஒரே தீனியப் போட்டுக் கெடுத்துட்டேன். அடிக்கா என்னை."

அவள் அடிக்கவில்லை. "தெரியும்டா" என்றாள். "வெறும் புழுவையே போடுறானே, அதுக்கு என்னா சத்து இருக்கும்னு அம்மாவும் நானும் பேசிக்குவோம்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"ஒங்கிட்ட யாருடா சொல்றது? பயம். அதான் நீ வேலைக்குப் போன நேரமாப் பாத்துப் பால் வுட்டேன்."

குழந்தையை வாங்க இரண்டு கையையும் நீட்டினேன். அக்கா ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.