தம்பியின் காலப் பயணம்

பாபநாசத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்தேன். தம்பி பி.எஸ்சி. முடித்துவிட்டு அப்பாவோடு வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அறிவியல் கதைகள் என்றால் அவனுக்கு உயிர். கிளை நூலகத்தில் இருந்ததையெல்லாம் படித்துத் தீர்த்துவிட்டுத் தானே ஒரு கதை எழுதினான். காலத்தில் பின்னோக்கிப் போகும் ஒருவன், இறந்துபோன தன் அம்மாவை உரிய நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் காப்பாற்றுகிறான்.

எங்கள் அம்மா மஞ்சள்காமாலையில் போனபோது தம்பிக்குப் பதினோரு வயது. அதைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. அறிவியல் தப்பு என்று மட்டும் சொன்னேன்.

"பின்னாடி போக முடியாதுடா. அம்மா பிழைச்சுட்டா அவன் எதுக்குக் கிளம்பப் போறான்? முன்னாடி வேணா போகலாம். ரொம்ப வேகமாப் போற விண்வெளிக் கப்பல்ல கடிகாரம் மெதுவா ஓடும். அவன் திரும்பி வரும்போது இங்க இருக்கறவங்களுக்கு நிறைய வயசாயிருக்கும். அதைச் சோதிச்சே பாத்திருக்காங்க."

"முன்னாடி போயி யாரைக்கா பாக்கறது?" என்றான்.

ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை நெல் இரண்டு வருஷம் பொய்த்தது. ஊரில் ஒவ்வொருவராகப் பாஸ்போர்ட் எடுத்தார்கள். தம்பியும் துபாய்க்குக் கிளம்பினான். அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. இரண்டே வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனான். கம்பெனி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டது, பிறகு விசா சிக்கல், பிறகு வேறு வேலை என்று ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

கடைசி இரண்டு வருஷத்தில் அப்பாவுக்கு ஞாபகம் நழுவத் தொடங்கியிருந்தது. போனில் தம்பி கேட்கும்போதெல்லாம், வயசானால் அப்படித்தான் என்று சொல்லிவைத்தேன்.

ஒரு சித்திரை மதியம் அவன் வந்து இறங்கினான். முன்தலை வழுக்கை, கண்ணாடி, கொஞ்சம் தொந்தி. கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பா, நான்தாம்ப்பா. துபாய்லேருந்து வந்துட்டேன்" என்றான்.

"வாங்க, உக்காருங்க. துபாய்லேருந்தா வர்றீங்க? எம் பையனும் அங்கதான் இருக்கான். பாத்தீங்களா?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"பாத்தேங்க."

"ஒழுங்காச் சாப்புடுறானா? ஒல்லி உடம்பு."

"நல்லா இருக்கான். சீக்கிரம் வர்றேன்னு சொல்லச் சொன்னான்."

"வரட்டும். இருபத்தாறு ஆச்சு. ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சுடணும்."

பிறகு அப்பா என் பக்கம் திரும்பி, வந்தவருக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். தம்பி என் பின்னாலேயே சமையலறைக்கு வந்தான்.

"ஏன்க்கா சொல்லல?"

"நீ எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடுவேன்னு பயந்தேன்."

"வந்திருந்தா என்னை அடையாளம் தெரிஞ்சிருக்குமே. எனக்கு அம்மா காலம் வரைக்கும்கூட வேணாம்க்கா. ரெண்டு வருஷம் பின்னாடி போனாப் போதும்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

நாற்பது நாள் இருந்தான். அப்பாவைக் குளிப்பாட்டினான், சோறு ஊட்டினான். விருந்தாளி இதெல்லாம் செய்யலாமா என்று அப்பா கூச்சப்பட்டார். துபாய்க்குத் திரும்பும் அன்று வாசல்வரை வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார். தம்பி தலையை ஆட்டினான்.

அடுத்த தை மாதம் அப்பா போய்விட்டார். தம்பிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். மூன்றாம் நாள் கடைத்தெரு டெலிபோன் பூத்துக்குப் போய்த் தம்பியை அழைத்தேன்.

"கடைசியா என்னைக் கேட்டாராக்கா?"

"தெனமும் கேட்டார்டா" என்றேன். அது பொய் இல்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, அடுத்த ஆள் காத்திருப்பதாகப் பூத்துக்காரர் சைகை காட்டினார்.