பஸ் நிலையத்தில் மட்டும் சிரிக்கிற மனுசன்

என் புருஷனுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதை மன்னார் பஸ் நிலையத்தில் வைத்துத்தான் கண்டுபிடித்தேன். கலியாணம் கட்டி இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிற எனக்கு அது தெரியாது. தேத்தண்ணிக்கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. தலைமன்னார் பஸ்ஸுக்கு நிற்கிற சனத்துக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியாது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

கெட்ட மனுசன் என்று சொல்லமாட்டேன். குடியில்லை, கைநீட்டுகிற பழக்கமில்லை. ஓலைத்தொடுவாயில் எங்கள் வீட்டோடு ஒட்டிய கொட்டிலில் படகு எஞ்சின் திருத்துகிறார். எஞ்சினோடு கதைக்கிறதில் காற்பங்குகூட என்னோடு கதைக்கமாட்டார். நான் ஊர்ப் புதினம் முழுக்க ஒப்புவிப்பேன். அவர் "ம்" என்பார். இன்னும் கொஞ்சம் சொன்னால் "ஓம்" என்பார். சிரிப்பு மட்டும் வராது. எனக்கு நகை வேண்டாம், கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். நான் சொல்லுகிற ஒரு பகிடிக்கு அந்த மனுசன் வாய்விட்டுச் சிரித்தால் போதும் என்றுதான் இருந்தேன். பெரிய ஆசையா இது?

எனக்கு வேலை கிடைத்தது பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில். பஸ் நிலையச் சுவரில் ஒரு பெரிய திரை வைத்தார்கள். முன்னுக்கு நிற்கிறவர்களின் நிழல் அதில் தெரியும். நிழலுக்குப் பின்னால் நீலமாகக் கடல். கையை உயர்த்தினால் கையடிக்கு மீன்கள் வரும். இரண்டு பேர் நின்று, இரண்டு பேருடைய நிழலும் திரையில் முட்டினால், வங்காலைப் பக்கம் வந்து இறங்குகிற பூநாரைகளைப் போல ஒரு கூட்டம் எழும்பிப் பறக்கும். தனி ஆள் எவ்வளவுதான் கையை ஆட்டினாலும் பூநாரை வராது. பொது இடத்தில் இப்படி ஒன்றை வைத்தால் சனம் என்ன செய்யும், முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து விளையாடுவார்களா என்று பார்ப்பதுதான் ஆய்வு. இங்கே ஆய்வு நடக்கிறது, முகம் பதிவாகாது, நிழல் மட்டும்தான் பதிவாகும் என்று பக்கத்தில் ஒரு பலகையும் மாட்டியிருந்தோம்.

என் வேலை, எதிரே உடுப்புக்கடை மேல்மாடியில் யன்னலோரம் ஒரு கதிரையில் இருந்து பார்ப்பது. ஓர் ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று கண்டால் சனம் நடக்கிற விதமே மாறிவிடும், ஆகவே கீழே இறங்கக்கூடாது, திரைக்குக் கிட்டப் போகக்கூடாது என்பது ஆய்வுக்குப் பொறுப்பான மிஸ்ஸின் கண்டிப்பான கட்டளை. இதையெல்லாம் நான் வீட்டில் அவருக்குச் சொன்னேன். மூச்சுவிடாமல் சொன்னேன். "ம்" என்றார்.

முதலில் ஒருவரும் திரைக்குக் கிட்டப் போகவில்லை. போகிற போக்கில் கடைக்கண்ணால் பார்ப்பார்கள், நடை கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். நிழல் தங்களுடையதா என்று அறிய ஆசை. ஆனால் ஆசை வெளியே தெரியக்கூடாது. அதற்காகக் கையைத் தூக்கித் தலையைச் சொறிவார்கள். அந்த நாட்களில் மன்னாரில் எல்லோருக்கும் தலை கடித்தது. இன்னொரு கூத்தும் நடந்தது. வயதானவர்கள் சிலர் திரைக்கு மேலே இருந்த கமராவைக் கண்டவுடன் நின்று, அடையாள அட்டையை எடுத்து அதற்கு நேரே பிடித்தார்கள். ஒரு அம்மா பையின் வாயையும் விரித்துக் காட்டினார். யுத்த காலத்துச் சோதனைச் சாவடிகளில் நின்று நின்று பழகிய உடம்பு. அட்டையைச் சுற்றி மீன்கள் வந்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. "அட கோதாரி!" என்று அட்டையை மணிப்பேர்ஸுக்குள் திணித்துக்கொண்டு போனார். இப்படியான திரைகளைப் பற்றி வெளிநாட்டுக்காரர் எழுதின ஒன்றிலும் இதைக் காணவில்லையே என்று மிஸ் துள்ளினார். எனக்குச் சிரிப்பு முழுதாக வரவில்லை.

மன்னார்த் தெருக்களில் திரிகிற கழுதைகளுக்குத்தான் ஒரு தயக்கமும் இல்லை. வந்து திரைக்கு முன்னால் நின்றன. நிழல்களைக் கணக்கெடுக்கிற கணினி அவற்றையும் ஆட்களாகவே எண்ணியது. முதல் கிழமையில் திரைக்கு முன்னால் அதிக நேரம் நின்ற ஆள் என்று அது காட்டியது ஒரு கழுதையை.

வீட்டில் இருந்த ஒரே ஸ்கூட்டியை வேலைக்கென்று நான் எடுத்துக்கொண்டதால், எஞ்சின் சாமான் வாங்க மன்னாருக்கு வருகிற நாட்களில் அவர் பஸ்ஸில்தான் வந்துபோனார். ஒருநாள் பின்னேரம் யன்னலால் பார்த்தால் திரைக்கு முன்னால் அவர் நிற்கிறார். இடது தோள் கொஞ்சம் சரிந்த அந்த நிழலை நான் எங்கே கண்டாலும் சொல்வேன். சாமான் பையைக் கீழே வைத்தார். தலை சொறியவில்லை. இரண்டு கையையும் ஒரேயடியாக மேலே தூக்கினார். மீன்களெல்லாம் ஓடி வந்தன. பக்கத்தில் பல்லில்லாத கிழவர் ஒருவர் போவதா நிற்பதா என்று தயங்கிக்கொண்டிருந்தார். "வாங்கோ ஐயா, வாங்கோ" என்று அவரைக் கூப்பிட்டு, குனிந்து, அவருடைய கைக்கு எட்டுகிற உயரத்துக்குத் தன் கையைக் கொண்டுவந்தார். பூநாரைகள் எழும்பின. அப்போதுதான் அது கேட்டது. பஸ் ஹோர்னுக்கு மேலால், உடுப்புக்கடை மேல்மாடி வரைக்கும் கேட்கிற மாதிரி, என் புருஷன் சிரித்தார். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சந்தோஷம் வந்தது என்று பொய் சொல்லமாட்டேன். பற்றிக்கொண்டு வந்தது. எனக்குத் தராததை, பேர் ஊர் தெரியாத ஒரு கிழவருக்குச் சும்மா அள்ளிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிப் போகிறாரே!

அன்றிரவு சோற்றைப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

"இஞ்சருங்கோ, மன்னாருக்குப் போனனீங்களெல்லோ, என்ன புதினம்?"

"ஒண்டுமில்லை."

"பஸ் சுணங்கினதோ, இவ்வளவு பிந்தி வந்தனீங்கள்?"

"ம்."

"ஏனாம்?"

"ஆருக்குத் தெரியும்."

வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நின்று விளையாடின மனுசன், சோற்றைப் பிசைந்துகொண்டு சுவரைப் பார்த்தார். நான் கறிச்சட்டியை வைத்த வேகத்தில் மூடி உருண்டு வாசல் வரைக்கும் போனது.

அடுத்த நாள் காலை வேலைக்கு ஏறமுன் தேத்தண்ணிக்கடையில் நின்றபோது கடைக்காரர் என்னைக் கண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அக்கா, உங்கட ஆள் சரியான பகிடிக்காரன். நேற்று ஒரு கதை சொன்னவர், கடையே விழுந்து சிரிச்சது. கனடாவில இருக்கிற மகன் வீடியோ கோல் எடுத்தவனாம். தாய் போனைக் காதில வைச்சுக்கொண்டு கதைச்சவவாம். அவன் அரை மணித்தியாலமா அம்மான்ர காதையே பாத்துக்கொண்டு இருந்தவனாம்!"

அது நான் சொன்ன பகிடி! எங்கள் பக்கத்து வீட்டு மாமிக்கு நடந்தது. வீட்டில் நான் அதைக் காதில் கையை வைத்து நடித்துக் காட்டியபோது "ம்" என்றுவிட்டு எழும்பிப் போனவர், அதைக் கொண்டுவந்து தேத்தண்ணிக்கடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறார். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு மேலே ஏறினேன்.

பிறகு அவருக்கு மன்னாரில் அலுவல் கூடிவிட்டது. முந்தி ஒரே தரத்தில் எல்லாச் சாமானையும் வாங்கிப் போகிறவர், இப்போது ஒரு வொஷருக்கு ஒரு நாள், ஒரு ஆணிக்கு ஒரு நாள் என்று வந்தார். வந்தால் திரைக்கு முன்னால்தான். உப்புக்குளத்து வியாபாரி ஒருவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார், அவரோடு சிரித்தார். கூலிவேலை முடிந்து முருங்கன் பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் வரிசையாகக் கையைத் தூக்கினார்கள், அவர்களோடு சிரித்தார். ஒருநாள் கழுதை ஒன்று குறுக்கே வந்து நின்றது. இவர் கையை நீட்டினார், கழுதை காதை ஆட்டியது, காதின் நிழல் கையில் முட்டியது, பூநாரைகள் பறந்துவிட்டன. இவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மாதாவே, கழுதையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பொம்பிளை இந்தத் தீவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கிழவரையும் கழுதையையும்கூடப் பொறுத்துக்கொண்டேன். குடைக்காரியைப் பொறுக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து வந்த ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். என்னைவிட வடிவு என்று சொல்லமாட்டேன், சேலை மட்டும் நன்றாகக் கட்டியிருந்தாள். ஓர் ஆம்பிளைக்குப் பக்கத்தில் நின்று கையைத் தூக்க வெட்கம் போல; மடித்த குடையைத் தூக்கினாள். திரையில் குடையின் நுனி இவருடைய விரலைத் தேடி வந்தது. இவர் விரலை இழுத்துக்கொண்டார். குடை துரத்தியது. இவர் குனிந்தார், அந்தப் பக்கம் பாய்ந்தார். குனிந்து ஒரு தேங்காய் எடுத்துத் தாங்கோ என்றால் முதுகு நோகுது என்கிற மனுசன்! கடைசியில் குடையும் விரலும் முட்டின. இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் தன்னுடைய பஸ் வந்ததும் ஓடிப்போய் ஏறிவிட்டாள். ஒரு சொல் பேசவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. அதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தென்ன? நிழல் முட்டினதற்கே இவ்வளவு சிரிப்பு என்றால், இத்தனை வருஷமும் நான் சுவரோடா முட்டிக்கொண்டிருந்தேன்?

வீட்டில் நானும் முயன்று பார்த்தேன். அவருக்குப் பிடித்த ஓரா மீன் சொதி வைத்தேன். பவுடர் போட்டு, கொண்டையில் பூவும் வைத்தேன். கழுதையைக் கணினி ஆளாக எண்ணின கதையை, காது ஆட்டி, வால் ஆட்டி நடித்துக் காட்டினேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "கமராவின்ர உயரத்தைக் கூட்டிப் பாரன்" என்றார். யோசனை சரியான யோசனை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அந்தக் கிழமை மிஸ் வந்து நிழல் பதிவுகளைப் போட்டுப் பார்த்தார். தோள் சரிந்த நிழல் வந்த இடத்தில் நிற்பாட்டினார்.

"இந்த ஆளைக் கவனிச்சீங்களோ? இவர் வந்து நிண்டாத்தான் கூட்டம் சேருது. இவர் போனா எல்லாரும் போயிடினம். திரையில்லை, இவர்தான் சனத்தை இழுக்கிறார்."

"ம்" என்றேன்.

"இவற்ற வீடு எப்பிடிக் கலகலப்பா இருக்குமெண்டு யோசிச்சுப் பாருங்கோ. மனுசி குடுத்து வைச்சவ."

வாயில் கொழுக்கட்டை அடைத்தவள் போல இருந்தேன். அந்த மனுசி நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், வீட்டில் ஆள் எப்படி என்று அடுத்ததாகக் கேட்பார். அதற்கு நான் எதைச் சொல்ல? குடுத்து வைத்தவளாம்!

அடுத்த தரம் அவர் வந்தபோது மிஸ்ஸின் கட்டளையைத் தூக்கி எறிந்தேன். படியால் இறங்கி, தெருவைக் கடந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். திரையில் அவருடைய நிழலுக்குப் பக்கத்தில் என் நிழல் வந்தது. கையைத் தூக்கினேன். அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருத்தி என்று நினைத்து, சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். முட்ட இன்னும் ஒரு சாண்தான் இருந்தது. பிறகு திரும்பிப் பார்த்தார்.

"நீயோ?" என்றார்.

சிரிப்பு வடிந்தது. கை கீழே வந்தது. வீட்டில் இருக்கிற முகம் வந்து ஒட்டிக்கொண்டது.

"ஏன், நான் வரக்கூடாதோ?"

"இல்லை. வேலை முடிஞ்சுதோ?"

"கையைத் தூக்குங்கோவன்."

"சனம் பாக்குது. வா, போவம்."

இவ்வளவு நாளும் சனம் கண்ணை மூடிக்கொண்டா நின்றது? நான் தூக்கின கையோடு நின்றேன். என் கையடியில் மீன்கள் வந்து சுற்றின. கூட்டம் மெல்லக் கலைந்துவிட்டது. அவரை ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓலைத்தொடுவாய்க்கு வந்தேன். வழி முழுக்க நான் ஒரு சொல் பேசவில்லை. அது அவருக்கு வித்தியாசமாகப் பட்டதாகவும் தெரியவில்லை.

முற்றத்தில் ஸ்கூட்டியை நிற்பாட்டினதும் வெடித்தேன்.

"மேல இருந்து எல்லாத்தையும் பாத்தனான். கிழவனோட சிரிச்சனீங்கள். கழுதையோட சிரிச்சனீங்கள். அந்தக் குடைக்காரியோட குதிச்சுக் குதிச்சுச் சிரிச்சனீங்கள். என்ர பகிடியைக் கொண்டுபோய்க் கடையில வித்தனீங்கள். என்னோட மட்டும் ஏன் சிரிக்கிறேல்லை? நான் என்ன பாவம் செய்தனான்?"

அவர் சாமான் பையைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை.

"உன்ர வேலையெண்டு சொன்னியே, எப்பிடி இருக்குதெண்டு பாக்கத்தான் முதல் போனனான்" என்றார். "பிறகு, நல்லாயிருந்தது."

நான் சொன்னதெல்லாம் அந்தக் காதுக்குள் போயிருக்கிறது. ஆனால் விடுவேனா?

"அதை நான் கேக்கேல்லை. என்னோட ஏன் சிரிக்கிறேல்லை?"

எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு யோசிக்கிற மாதிரி, நிலத்தைப் பார்த்து நெடுநேரம் யோசித்தார்.

"அங்க சிரிச்சா சிரிச்சதோட சரி. ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். உன்னோட சிரிச்சா, என்னத்துக்குச் சிரிச்சனீங்களெண்டு கேப்பாய். நான் சொல்லுவன். அதில என்ன சிரிப்பிருக்கெண்டு கேப்பாய். பிறகு, என்னைப் பாத்தோ சிரிச்சனீங்களெண்டு கேப்பாய். எனக்கு மறுமொழி சொல்ல ஏலாது."

நான் வாயைத் திறந்தேன். சொல்ல ஒன்றும் வரவில்லை. மூடினேன். திரும்பவும் திறந்தேன். என் வாழ்நாளில் மறுமொழி இல்லாமல் நான் நின்றது அதுதான் முதல் தரம். என் முகம் எந்தக் கோலத்தில் இருந்ததோ தெரியாது. அவர் அதைப் பார்த்தார். உதட்டோரம் துடித்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டு முற்றத்தில், என்னைப் பார்த்து, என் புருஷன் சிரித்தார். ஒரு நிழலும் இல்லை, பக்கத்தில் ஒரு சனமும் இல்லை. முழுச் சிரிப்பும் எனக்கு.

"இப்ப என்னத்துக்குச் சிரிக்கிறியள்?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. அவர் பையை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் போனார்.