பாட்டு வருது, வார்த்த வரல

போன வாரம் சென்னையில் ஒரு வாடகைக் காரில் ஏறினேன். வெயிலில் நின்ற வண்டி. சூடேறிய பிளாஸ்டிக்கும் சீட்டுத் துணியும் கலந்த அந்த வாசனை வந்தால் போதும், நான் நெய்வேலிக்குப் போய்விடுவேன். எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில், வேப்பமரத்தடியில் அப்பாவின் பழைய வெள்ளைக் கார் நிற்கும். மரத்தடி என்று பேர்தான். மத்தியானமானால் நிழல் முழுக்கப் பக்கத்து வீட்டு ஸ்கூட்டருக்குப் போய்விடும்.

அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பகுதியில் ஷிப்ட் பார்த்தவர். நிலக்கரியைச் சுமந்து ஓடும் அந்த பெல்ட்டின் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே அவர் வயது போனது. வீட்டில் பேச்சு குறைவு. காரில் ஏறினால் மட்டும் பாட்டு வேண்டும். அதில் இருந்ததோ கேசட் போடுகிற செட். இரண்டாயிரத்துப் பத்துகளின் தொடக்கம், எனக்குச் சென்னையில் வேலை கிடைத்த புதிது. ஊரே போனில் பாட்டு கேட்கும்போது அப்பா பென்சிலை விட்டு நாடாவைச் சுற்றிக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கேசட் வடிவத்திலேயே ஒரு சாமான் விற்றார்கள். அதைச் செட்டுக்குள் சொருகி, வால் மாதிரித் தொங்கும் ஒயரைப் போனில் மாட்டினால் புதுப் பாட்டு வரும். பெரிய இன்ஜினியர் என்ற நினைப்பில் நானே மாட்டினேன். முதல் நாளே ஒயர் கியரில் சுற்றிக்கொண்டது. அப்பா சிரித்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "பாட்டு வருது பாப்பா, வார்த்த வரல" என்றார்.

வேறு ஒயர் வாங்கினேன். பிறகு ஸ்பீக்கரை மாற்றினோம். அப்போதும் அதையேதான் சொன்னார். அப்பா சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார், பின்சீட்டில் அம்மா முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு வருவார். அம்மாவுக்குப் புதுப் பாட்டு பிடிக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கடைசியில் செட்டையே மாற்றிவிடலாம் என்று மூவருமாக வடலூருக்குப் போனோம். ஸ்டீரியோ கடைக்காரர் ப்ளூடூத் செட்டை மாட்டி, என் போனிலிருந்து ஒரு பாட்டை விட்டார். வாத்தியமே இல்லாமல் ஒரு பெண் குரல் மெல்லத் தொடங்கியது. அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார். பிறகு கடைக்காரரிடம், "ம், போடுங்க" என்றார்.

"ஓடிக்கினுதாங்க இருக்குது."

அப்பா அதையும் கடைக்காரர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார். கையை நீட்டிக் கதவிலிருந்த ஸ்பீக்கர் மேல் விரல்களை வைத்தார். அது அதிர்ந்திருக்க வேண்டும். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அம்மா என்னைக் கடை ஓரமாக அழைத்துப் போனார். "வூட்ல எல்லாத்தயும் ரெண்டு வாட்டி சொல்லிக்கினு இருக்கேனே, எதுக்குன்னு நெனச்ச? சொரங்கத்துல தெரிஞ்சா வேலய மாத்திடுவாங்கன்னு பயம் அவருக்கு. உங்கிட்டகூடச் சொல்லக்கூடாதுன்னாரு."

புது செட்டைக் கழற்ற வேண்டாம் என்றார் அப்பா. "இருக்கட்டும், நீங்க கேளுங்க." திரும்பும்போது அவர்தான் ஓட்டினார். நாங்கள் கேட்கிற அளவுக்குப் பாட்டு ஓடியது. கேட்டோமா என்று எனக்கு நினைவில்லை.

பின்னால் வரும் லாரியின் ஹாரன் தெரிவதில்லை என்று சீக்கிரமே அவர் ஓட்டுவதை விட்டார். காரை மேல்பட்டாம்பாக்கத்துக்காரர் ஒருவர் வாங்கிப் போனார். காதுக்கு மிஷின் வாங்கினோம். இரைச்சல்தான் பெரிதாகிறது என்று கழற்றி வைத்துவிட்டார். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, முத்தாண்டிக்குப்பத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போனார்கள். நாங்கள் இருந்த வரிசையைப் பிறகு இடித்துவிட்டார்கள்.

அங்கிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் செய்வார். நான் பேசுவது கேட்காது என்று இருவருக்கும் தெரியும். மழை, அம்மாவின் முட்டிவலி, முருங்கைக்காய் எல்லாம் அவரே சொல்லி முடிப்பார். பிறகு எனக்கு இடம் விடுகிற மாதிரி கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். வேறு யாரிடமும் சொல்ல முடியாததை எல்லாம் அப்போதுதான் நான் சொன்னேன். முடித்ததும் எப்படியோ தெரிந்து, "சரி பாப்பா" என்று வைத்துவிடுவார்.

அப்பா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. இப்போது என்னோடு பேசுகிற எல்லோருக்கும் காது நன்றாகக் கேட்கிறது.