தம்பி தோற்க வேண்டும்

என் தம்பி ஆதரிக்கும் அணி தோற்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆஸ்திரேலியக் கால்பந்து என்று ஒரு விளையாட்டு இருப்பதே நாற்பது வயது வரை எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு ஒரு சீசனை, வாரம் தவறாமல், எண்ணூரில் என் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். ஆசைப்பட்டுப் பார்த்ததாக யாரும் நினைத்துவிட வேண்டாம். வயிற்றெரிச்சலில் பார்த்தேன்.

தம்பி காட்டுப்பள்ளிக் கப்பல் தளத்தில் வெல்டராக இருந்தவன். அங்கிருந்து மெல்போர்னுக்குப் போய், அங்கேயே கல்யாணம் கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். அம்மா என்னோடு இருந்தாள். என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று அவருக்குக் கிடையாது. ஆக அம்மாவின் இருமல், மாத்திரை, நெபுலைசர் எல்லாம் என் தலையில். தம்பிக்கு வாரம் ஒரு வீடியோ கால்தான் வேலை. அதில் தவறாமல் ஒன்றைச் சொல்வான்.

"அந்த கலீஜ் காத்துல அம்மாவ வெச்சிக்கினு இன்னாக்கா பண்ற? இங்க அனுப்பிவுடு, நான் பாத்துக்கிறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்று எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தவள். அவளுக்குக் கூடையைத் தூக்கிவிட்டவள் நான். இவன் படம் பார்க்கப் போயிருப்பான். இப்போது வந்து பார்த்துக்கொள்கிறானாம். அனுப்ப மாட்டேன் என்று நானும் வாரா வாரம் சொன்னேன். அம்மா இரண்டு பக்கமும் பேச மாட்டாள். முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

காற்றைப் பற்றி அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். சில வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில், எங்கள் குப்பத்துக்குப் பின்னால் இருக்கும் கம்பெனிகளில் ஒன்றிலிருந்து வாயு கசிந்தது. கண் எரிந்தது, தொண்டை அடைத்தது, போட்டது போட்டபடி ஓடினோம். அன்றைக்கு எந்தச் சைரனும் ஊதவில்லை. எல்லாம் முடிந்த பிறகு வந்து கம்பத்தில் ஒரு சைரனைக் கட்டினார்கள். அதன் பிறகு ஹெல்மெட் போட்ட ஆட்கள் அவ்வப்போது வந்து ஒத்திகை நடத்தினார்கள். சைரன் ஊதினால் துணியை நனைத்து மூக்கில் கட்ட வேண்டும், பெரியவர்கள் முதலில் சின்னவர்களுக்குக் கட்டிவிட வேண்டும், பிறகு காற்று வரும் திசையைப் பார்த்து நடக்க வேண்டும். ஒத்திகை முடிந்தால் ஆளுக்கு ஒரு பிஸ்கெட் பாக்கெட். நெஞ்சைக் கெடுத்துவிட்டுப் பிஸ்கெட் கொடுத்தார்கள். அம்மா அந்தப் பிஸ்கெட்டைத் தொட்டதில்லை, ஆனால் ஒத்திகையை ஒரு தடவையும் விட்டதில்லை.

அந்த வருடம் மார்ச்சில் தம்பி ஒரு வேலை செய்தான். அந்த ஊர் ஆட்டத்தை வெளிநாட்டில் இருந்து பார்ப்பதற்கான சந்தாவைக் கட்டி, என் டிவியில் வர வைத்தான். "எம்மா, நான் கிரவுண்டுக்கு போவேன், கேமராவுல தெரிவேன், பாத்துக்கினே இரு" என்றான். அம்மா நம்பிவிட்டாள். வாரக் கடைசியில் காலையில் ஆட்டம் தொடங்கினால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்காருவாள். ஆட்டத்தை அவள் பார்க்கவே இல்லை. கூட்டத்தை மட்டும் பார்த்தாள். யாராவது கறுப்பாக, தாடியோடு தெரிந்தால் டிவிக்குப் பக்கத்தில் போய்விடுவாள்.

"தோ அவன்தான்."

"அவன் இல்லமா. அவன் யாரோ பஞ்சாபிக்காரன்."

சத்தத்தை வைக்க விடமாட்டாள். "காட்டுக் கத்தா கத்துறானுங்க, அடைச்சி வையி" என்பாள். அதனால் அந்த சீசன் முழுக்க டிவியின் வாயை அடைத்தே பார்த்தோம். பொழுது போகாமல் நான் ஆட்டத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பந்து முட்டை வடிவத்தில் இருந்தது. கால்பந்து என்று பெயர், கையிலும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு பந்து விளையாடும் பையன்கள் உண்டு. அவர்களிடம் இதைக் காட்டினால் அடிக்க வருவார்கள். கை இல்லாத பனியனும் குட்டை டிரவுசருமாக ஒருவன் தோள்மேல் ஒருவன் ஏறுகிறான். இரண்டு பக்கமும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஆறு புள்ளி. குறி தப்பி ஓரத்துக் கம்பங்களுக்குள் போனாலும் ஒரு புள்ளி உண்டு. இதைத் தெரிந்துகொண்ட அன்று வாய்விட்டுச் சிரித்தேன். தப்பாக அடித்ததற்கும் புள்ளி கொடுக்கிற ஊர்! என் தம்பிக்கு அந்த ஊர் ஒத்துப்போனதில் என்ன ஆச்சரியம்?

ஒரு அணியைப் பிடித்துக்கொண்டால்தான் பார்க்க முடியும் என்று தோன்றியது. "உங்க டீமுக்கு யாரக் கண்டா ஆவாது?" என்று தம்பியிடம் கேட்டேன். அவனும் வெகுளியாக ஒரு பெயரைச் சொன்னான். அன்றிலிருந்து அதுதான் என் அணி. அவர்களில் ஒருவன் பெயரும் என் வாயில் நுழையாது. பனியனில் இருக்கும் எண்ணை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு எங்களுக்குள் ஆட்டத்தைத் தவிர வேறு பேச்சு இல்லை. அவன் அணி தோற்றால், மதியம் சோறு தின்னும் முன்பே போன் போடுவேன். "இன்னாடா, மூஞ்ச எங்க வெச்சிக்கப் போற?" என்பேன். என் அணி தோற்றால் அவன் போடுவான், நான் எடுக்க மாட்டேன். ஒரு தடவை அவன் மனைவியே எடுத்து, தம்பி சாப்பிடாமல் படுத்துவிட்டதாக இங்கிலீஷில் சொன்னாள். அன்றைக்கு நான் இரண்டு வஞ்சிரத் துண்டு சேர்த்துச் சாப்பிட்டேன். எனக்கு அது ஆட்டமே இல்லை. அவன் ஜெயித்தால் அம்மாவைக் கொண்டுபோய்விடுவான் என்று என் மனசில் எப்படியோ ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. கிறுக்குத்தனம்தான். ஆனால் சனி ஞாயிறு இரண்டு நாளும் அந்த முடிச்சில்தான் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் அணியும் என் அணியும் மோதியது ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாள். தெருவில் வேப்பிலைத் தோரணம், அண்டா அண்டாவாகக் கூழ், கருவாட்டுக் குழம்பு வாசனை. எங்கள் கீழ்வீட்டில் இருப்பவர் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். அவருடைய பெரிய பெரிய பாக்ஸ்கள் எங்கள் ஜன்னலுக்கு நேரே, ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. காலையிலிருந்து பாட்டுப் போட்டு, கூழ் ஊற்றும் நேரத்தில் நிறுத்தியிருந்தார்.

தம்பி கிரவுண்டிலிருந்தே வீடியோ காலில் வந்தான். கடைசிக் கால்பகுதி நடந்துகொண்டிருந்தது. இரண்டு அணியின் புள்ளிகளும் ஒன்றையொன்று ஒட்டியே ஏறிக்கொண்டிருந்தன. அவனைச் சுற்றிக் கூட்டம் கத்துவது போனில் இரைந்தது.

"கேட்டியா சத்தத்த? உன் வூடு இன்னாக்கா, சாவு வூடு மாதிரி கீது?"

அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. ஜன்னலில் எட்டிப் பார்த்து, டிவியை பாக்ஸில் கொடுக்க முடியுமா என்று கீழ்வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"பாக்ஸு சும்மாதானேக்கா கீது. தோ, ஒயர இஸ்துகினு வரேன்" என்று மேலே வந்தார்.

ஒயரைச் சொருகியதும் மெல்போர்ன் கூட்டம் எங்கள் தெருவில் இறங்கி இரைந்தது. கூழ்ச் சொம்போடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். போனைத் தூக்கித் தம்பிக்குத் தெருவைக் காட்டினேன். அம்மா கதவோரமாக உட்கார்ந்து கருவாட்டு முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். போனை டிவிப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு ஆட்டத்தைப் பார்த்தேன். இரண்டு அணியும் சமம். தம்பி அணி ஆள் ஒருவன் எகிறி, பந்தை நெஞ்சோடு பிடித்தான். அந்த நொடியில் சைரன் ஊதியது.

ஆட்டம் முடிந்தால் சைரன் ஊதும் என்று எனக்குத் தெரியும். அது எப்படி ஊதும் என்று தெரியாது. சத்தம் வைத்துப் பார்த்திருந்தால்தானே? சைரனுக்கு முன்னால் பந்தைப் பிடித்தவன், அது ஊதிய பிறகும் ஒரு முறை உதைக்கலாம் என்பது விதி. என் கண் அவன் காலிலேயே இருந்தது. "உன் கால் விளங்காமப் போவ! வுட்டுடுடா, கட்டைல போறவனே!" என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினேன்.

மூக்கில் ஈரம் பட்டது. அம்மா தண்ணீர் டிரம்மில் முந்தானையை முக்கியெடுத்து, பின்னாலிருந்து என் மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். கருவாட்டு நாற்றம் அடித்தது. "ஓடுடி, ஓடுடி" என்று என்னைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளினாள். அவள் மூக்கில் ஒன்றும் இல்லை. கீழே தெருவே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அண்டா சாய்ந்து கூழ் மண்ணில் பரவியிருந்தது. குழந்தைகளின் முகத்தில் துண்டைப் போட்டு மூடி, தூக்கிக்கொண்டு கடல் பக்கமாகப் போனார்கள். கீழ்வீட்டுக்காரரும் தன் பாக்ஸை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்.

நான்தான் அம்மா கையைப் பிய்த்துவிட்டுப் போய் ஒயரைப் பிடுங்கினேன். போனில் தம்பியின் முகம் பெரிதாகத் தெரிந்தது. பந்து குறி தப்பியிருந்தது. தப்பாக அடித்ததற்குக் கிடைத்த அந்த ஒற்றைப் புள்ளியில் அவன் அணி ஜெயித்திருந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தவன், எங்களைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"அம்மா ஏன்கா அப்படி கீது? எம்மா? எம்மோவ்!"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூச்சு விசில் அடித்தது. நெபுலைசரை மூக்கில் வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊதியது கம்பத்துச் சைரன் இல்லை, என் டிவி என்று தெரிந்து தெரு திரும்பி வந்தது. "அறிவு கீதா உனக்கு? பந்தாட்டம் பாக்குற மூஞ்சியப் பாரு!" என்று வாசலில் நின்று ஆளாளுக்குக் கிழித்தார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. வாயு கசிந்த அன்றைக்குக் கம்பெனி வாசலில் போய் இப்படிக் கத்தினீர்களா என்று திருப்பிக் கேட்டேன். அதற்குப் பிறகு ரொம்ப நாள் என்னோடு யாரும் பேசவில்லை.

சாயங்காலம் மூச்சு அடங்கியதும் அம்மா கேட்டாள். "அது அந்த ஊரு சைரனா?"

"ஆமாம்மா. ஆட்டம் முடிஞ்சா ஊதுவாங்க."

"வாரா வாரம் ஊதுவானுங்களா?"

"ஆமா."

அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அது ஊதறப்பதானா அவங்கல்லாம் கட்டிப்புடிச்சிக்கினு சிரிக்கிறது? நான் பாத்துகினேதானே இருந்தேன். ஒருத்தங்கூட ஓடலடி."

சீசன் முழுக்க நான் பந்தைப் பார்த்தேன், அவள் ஜனங்களைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் காலை அவளே என் போனை வாங்கித் தம்பியைக் கூப்பிட்டு, "வந்து இட்டுகினு போடா" என்றாள். நான் அழுதேன், திட்டினேன், இரண்டு நாள் சமைக்காமல் கிடந்தேன். அம்மா எதற்கும் மசியவில்லை. அவள் பெட்டியை நான்தான் கட்டினேன். கட்டும்போதும் திட்டிக்கொண்டேதான் கட்டினேன்.

அடுத்த மார்ச்சில் புது சீசன் தொடங்கியது. தம்பி சந்தாவை நிறுத்தவில்லை. இப்போது சத்தம் வைத்துத்தான் பார்க்கிறேன். வீட்டில் வேறு சத்தம் இல்லை. பந்து எங்கே போகிறது என்றும் கவனிப்பதில்லை. கூட்டத்தைத்தான் பார்க்கிறேன். மூக்குக் கண்ணாடி எனக்கும் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி அணி ஜெயித்துச் சைரன் ஊதியபோது, கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பியது. அவ்வளவு ஜனமும் எழுந்து நின்று கத்தியது. நடுவில் தம்பி, தாடியும் கழுத்துத் துண்டுமாக. பக்கத்தில் அம்மா, புடவைமேல் தடிமனான ஸ்வெட்டர் போட்டு நின்றுகொண்டிருந்தாள். அவள் ஓடவில்லை. தன் மூக்கையும் மூடவில்லை. முந்தானையைச் சுருட்டித் தம்பியின் மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவன் சிரித்துக்கொண்டே அவள் கையை எடுக்கப் பார்த்தான். அவள் விடவில்லை. அதற்குள் கேமரா வேறு பக்கம் போய்விட்டது.

நான் எழுந்து டிவியின் மேல் கை வைத்து, தெருவே கேட்கக் கத்தினேன்.

"அவன வுடும்மா! அவனுக்கு ஒண்ணும் ஆவாது, அங்க ஒண்ணும் ஆவாது! நான் இங்க கீறேன்மா!"