வெட்டினால் கட் ஆகிற சார்ஜர்

என் தங்கையின் புருஷன் கொடுவாளோடு வந்தபோது நல்ல வெளிச்சம். தெருவில் ஆட்கள் இருந்தார்கள். எதிர் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? கேட்டைக் காலால் உதைத்துத் திறந்தான். நான் அப்போதுதான் சென்னை ஏர்போர்ட்டில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியை இறக்கிவிட்டு, காரில் சார்ஜ் சுத்தமாகத் தீர்ந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேங்கிக்காலில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தேன். கார் வாசலில் சார்ஜில் நின்றது. தங்கை உள்ளே இருந்தாள். நான் ஓடிப்போய்க் கதவுக்குக் குறுக்கே நின்றேன்.

அவன் எங்கள் பக்கமே வரவில்லை. நேராகக் காருக்குப் போய், ஒரே போடாக வயரைப் போட்டான்.

கரண்ட் கார் வைத்திருக்காதவர்களுக்குச் சொல்கிறேன். சார்ஜர் என்றால் போன் சார்ஜர் மாதிரி இல்லை. ஒரு முனையில் கிரைண்டருக்குப் போடுகிற பவர் பிளக், நடுவில் செங்கல் அளவுக்கு ஒரு டப்பா, அந்த முனையில் காரில் செருகுகிற கைப்பிடி. அதைக் ‘கன்’ என்றே சொல்வார்கள். டப்பாவுக்கும் கன்னுக்கும் நடுவில் விரல் தடிமனுக்கு வயர். அங்கேதான் வெட்டினான். படீரென்று ஒரு சத்தம், ஒரு நீல வெளிச்சம். அவன் மல்லாந்து விழுந்தான். செத்தான் என்று நினைத்தேன், வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பாவி எழுந்து உட்கார்ந்தான்! டப்பாவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“இனிமே எப்படிக் கார்ல இட்னு போறன்னு பாக்கறேன். பஸ்ஸுக்கு வரத்தான வேணும் அவ” என்று சொல்லிவிட்டு வேட்டியைத் தட்டிக்கொண்டு போனான்.

என் வீட்டுக்காரர் செத்த பிறகு நான் இந்தக் காரை ஓட்டித்தான் பிழைக்கிறேன். செங்கம் ரோட்டில் ஆசிரமப் பக்கம் தங்குகிறவர்களை ஏற்றி இறக்குவது தொழில். ஆனால் அந்தக் காரின் முதல் வேலை அதுவல்ல. கீழ்பென்னாத்தூரில் புருஷன் வீட்டிலிருந்து தங்கை கிழிந்த காதோடு என் வீட்டுக்கு வந்தாள். கம்மலைப் பிடித்து இழுத்திருந்தான், காது மடல் இரண்டாகப் பிளந்து தொங்கியது. அதைத் தைத்து, அவளுக்கு இங்கே ஒரு ஆபீசில் டைப் அடிக்கிற வேலை வாங்கி, விவாகரத்துக் கேஸும் போட்டோம். அன்றிலிருந்து காலையில் அவளை ஆபீஸ் வாசலில் இறக்குவதும், சாயங்காலம் அதே வாசலில் ஏற்றுவதும்தான் காருக்கு முதல் சவாரி. கார் இல்லையென்றால் அவள் நடுரோட்டில் அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் நிற்பாள்.

அதுதான் நடந்தது. மறுநாள் காலையில் கார் நகரவில்லை. “ஷேர் ஆட்டோல போறேன்க்கா, லீவு போட்டா வேலைய எடுத்துடுவாங்க” என்றாள். நானும் கூடப் போனேன். கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில் நான் சில்லறை கொடுக்கத் திரும்பிய நேரம், அவன் பின்னாலிருந்து வந்து அவள் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து, முகத்தை ஆட்டோக் கம்பியில் மோதினான். ஒரு தடவை அல்ல. நான் அவன் முதுகில் ஏறிக் கடித்தேன். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது, அவன் ரத்தம். டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்து பிரிப்பதற்குள் அவளுக்கு உதடு கிழிந்து, முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்துவிட்டது. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். அவன் அதற்குள் ஓடிவிட்டிருந்தான். தேடுகிறோம் என்றார்கள்.

அங்கிருந்து நேராகத் திருவூடல் தெருப் பக்கம் எலெக்ட்ரிக் கடைக்குப் போனோம். தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கடைக்காரர் இரண்டு சார்ஜரை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார்.

“இது கம்பெனி மாலு. கரண்டு துளி கசிஞ்சாலும் கட் பண்ணிடும். எர்த் சரியில்லன்னா ஆனே ஆவாது, ரொம்பப் படுத்தும். இது இங்க அசெம்பிள் பண்ணது. எங்க சொருவினாலும் ஓடும், தொல்லை கம்மி. ஆனா கரண்டு கசிஞ்சா கட் ஆவாது.”

“நேத்து ஒருத்தன் வயர வெட்டினான். ஒண்ணும் ஆவல அவனுக்கு” என்றேன்.

“உங்களுது கம்பெனி மாலா இருந்திருக்கும். அதான் பொழச்சான்.”

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. என் வீட்டு டப்பா, என் வீட்டுக் கரண்ட், அவனைக் காப்பாற்றியிருக்கிறது! அது மட்டும் வேலை செய்யாமல் இருந்திருந்தால் இவள் உதடு இப்போது முழுசாக இருந்திருக்கும்.

“இந்த அசெம்பிள் பண்ணத வெட்டினா?”

“யாரு வெட்டப் போறாங்கக்கா?”

“வெட்டினா இன்னா ஆவும்னு கேட்டேன்.”

கடைக்காரர் தங்கை முகத்தைப் பார்த்தார். “ஆள் காலி. ஆனா மழையில நீங்க தொட்டாலும் அதேதான்.”

“நான் செருப்பு போட்டுக்கறேன். இதையே குடுங்க.”

அப்போது தங்கை முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். “வேணாங்க. கட் ஆவறது குடுங்க.”

“நீ சும்மா இருடி.”

“கட் ஆவறதுதான் வேணும். அது இல்லன்னா நான் கார்ல ஏற மாட்டேன்.”

வீங்கின வாயோடு, தெளிவாகச் சொன்னாள். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. கடைக்காரர் எதிரிலேயே கத்தினேன். வெளியே வந்து நடுத்தெருவில் கத்தினேன். “இன்னும் அவன் மேல உருகறியா? பல்ல ஒடச்சவன் பொழைக்கணுமா உனக்கு?” பூ விற்கிறவளெல்லாம் திரும்பிப் பார்த்தாள். தங்கை சார்ஜர் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். எனக்கு அவளையே அறைய வேண்டும் போலிருந்தது. இதற்கு முன்னால் இரண்டு தடவை இப்படித்தான், அழுதுகொண்டே வந்தவள், அவன் வாசலில் வந்து நின்றதும் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு போனாள். மூன்றாம் தடவை போனால் பிணமாகத்தான் வருவாள். எனக்கிருந்த பயம் அது ஒன்றுதான்.

வீட்டில் சொருகினால் அந்தப் பவிசு பிடித்த சார்ஜர் ஆன் ஆகவில்லை. சிவப்பாகவே முறைத்தது. எங்கள் மண் வெறும் பாறை. கார் வாங்கினபோது தோண்டின எர்த் குழி காய்ந்து கட்டாந்தரையாகிக் கிடந்தது, பழைய சார்ஜர் எப்படியோ அனுசரித்துப் போயிருக்கிறது. தங்கை கடப்பாரையை எடுத்தாள். கல்லில் பொறி பறக்கக் குத்தினாள். நான் உதவிக்குப் போகவில்லை. உப்பும் கரியும் கொட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். விளக்குப் பச்சையானது. அதற்கப்புறம் தினமும் காலையில் ஆபீஸ் கிளம்புமுன் அந்தக் குழிக்கு ஒரு குடம் ஊற்றிவிட்டுத்தான் காரில் ஏறுவாள்.

“புருஷன் உசுருக்குத் தண்ணி ஊத்தறியா? ஊத்து ஊத்து, நல்லா துளிர்க்கட்டும்” என்பேன். குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காரில் ஏறுவாள். காரில் அவள் பக்கம் திரும்பாமலேயே ஓட்டினேன். அவ்வளவு ஆத்திரம்.

பௌர்ணமி அன்று வந்தான். கிரிவலம் வருகிறவர்கள் வண்டிகளை எங்கள் தெரு வரைக்கும் நிறுத்தியிருந்தார்கள், மத்தியானத்திலேயே கூட்டம். நான் ஜன்னலில் பார்த்துவிட்டுக் கத்தினேன். கேட்டுக்குள் வந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்ற தைரியம். கொடுவாளை ஓங்கிப் புது வயரில் இறக்கினான். படீர். மறுபடியும் மல்லாந்தான். மறுபடியும் சிவப்பு விளக்கு.

இந்தத் தடவை தங்கை எனக்கு முன்னால் ஓடினாள். விழுந்த கொடுவாளைக் காலால் தள்ளினாள். மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையைத் தூக்கி, கொடுவாளை எடுக்க நீண்ட அவன் கைமேல் போட்டாள். எலும்பு நொறுங்கின சத்தம் எனக்குக் கேட்டது. அவன் போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது. யாரோ ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்கள். நாலைந்து பேர் அவன் காலைப் பிடித்துக்கொண்டார்கள்.

“கரண்டு வச்சி கொல்லப் பாத்தீங்களாடி?” என்று புரண்டான்.

“ஆமாண்டா, கொல்லத்தான் பாத்தேன்! கட் ஆவாத சார்ஜரு வாங்கப் போனேன். இவதான் கெடுத்தா!” என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

அவன் அழுகையை நிறுத்தினான். தங்கையைப் பார்த்தான். அந்த முகத்தில் ஒரு நைச்சியம் வந்தது, நான் இரண்டு தடவை பார்த்த அதே நைச்சியம். “பாத்தியா. உனக்கு என் மேல இன்னும் ஆசை இருக்குது. வா, நம்ம வீட்டுக்குப் போலாம்.”

தங்கை கடப்பாரையைக் கீழே வைத்தாள். அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

“மாமா செத்தப்ப எங்க அக்காவுக்குப் பண்ணத நான் பக்கத்துல நின்னு பாத்தேன்” என்றாள், பஸ் நேரம் சொல்கிற மாதிரி. “கை நெறைய வளையலு போட்டு, தலை நெறைய பூ வச்சி உக்கார வச்சாங்க. அப்புறம் ஒண்ணொண்ணா ஒடச்சாங்க, பொட்ட அழிச்சாங்க. மாமா அவள ஒரு நாள் கை நீட்னதில்ல. அவருக்காக அவ உக்காந்தா. கேஸு முடியற வரைக்கும் ஊருக்கு நான் உன் பொண்டாட்டி. நீ செத்தா என்ன இழுத்துக்கினு போய் உன் பொணத்துக்கிட்ட உக்கார வப்பாங்க. உனக்காக என் கையில ஒரு வளையலு ஒடையலாமாடா?”

அவன் நொறுங்கின கையை மார்போடு அணைத்துக்கொண்டான்.

“தீர்ப்பு வரட்டும்” என்று எழுந்தாள். “அதுக்கப்புறம் நீ எந்த வயர வேணும்னாலும் வெட்டிக்கோ.”