இருபத்தொன்றாவது கல்

எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்குத் தும்பிக்கையும் கிடையாது, தொப்பையும் கிடையாது. மாரமங்கலத்துக்கு மேலே, காப்பித் தோட்டத்து ஓரமாக ஒரு நாவல் மரம். அதன் அடியில் வழுவழுப்பான கற்கள் இருபத்தொன்று, எண்ணெய் குடித்துக் கறுத்துக் கிடக்கும். அவைதான் பிள்ளையார். ஏர் ஓட்டும்போது அப்படி ஒரு கல் அகப்பட்டால் யாரும் வீசிவிட மாட்டார்கள். இங்கே கொண்டுவந்து வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அப்படிச் சேர்ந்த பிள்ளையார் அவர்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அந்த மரத்தடியில் அரசாங்கத்தார் ஒரு நீலப் பலகை நட்டார்கள். சேலத்திலிருந்து வந்த அதிகாரியம்மா எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் வந்து, இரும்பே தெரியாத காலத்து மனிதர்கள் தீட்டிவைத்த கோடாலிகள் அவை என்றார். "இந்த மலையில கெடச்ச கல்லு இந்த மலையிலயே இருந்தாத்தான், இங்க யாரு வாழ்ந்தாங்க, என்ன வேலை செஞ்சாங்கன்னு நமக்குச் சொல்லும். ஆளுக்கொண்ணு தூக்கிட்டுப் போனா அது வெறும் கல்லுதான்" என்று எங்களுக்குப் புரியும்படி சொன்னார். ஒவ்வொரு கல்லையும் அளந்து, படமெடுத்து, நோட்டில் குறித்துக்கொண்டார். ஒன்று குறைந்தாலும் எல்லாவற்றையும் அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போய்விடுவோம் என்று நிபந்தனை. கற்களுக்கு நானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டவர் என் அப்பா.

சிக்கல் அங்கேதான் வந்தது. எங்கள் ஊரில் ஒருத்திக்குப் பிரசவம் நெருங்கினால், பிள்ளையாரில் ஒரு கல்லை வீட்டுக்கு அழைத்துவந்து கட்டிலுக்கு அடியில் வைப்பார்கள். பிள்ளை பிறந்தபின் விளக்கேற்றித் திரும்பக் கொண்டுபோய் விடுவார்கள். பலகை வந்ததும் அப்பா அதை நிறுத்திவிட்டார். அந்த வருடம் பிரசவத்துக்கு எங்கள் வீட்டில் இருந்தவள் அம்மாவின் தங்கை, என் சித்தி. அதற்கு முன் இரண்டு முறை குழந்தை தங்காமல் போனவள். "இந்தத் தடவ கல்லுங்கூட இல்லியேக்கா" என்று அவள் அம்மாவிடம் அழுதது என் காதில் விழுந்துவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, இருந்ததில் சின்னதாக ஒரு பிள்ளையாரை என் புத்தகப் பைக்குள் அழைத்துக்கொண்டேன். பழைய சேலைத் துணியில் சுற்றிக் கட்டிலடியில் வைத்தேன். சித்தியிடம் மட்டும் சொன்னேன். அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள்.

இரண்டு நாள் கழித்து விடிகாலையில் சித்திக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸ் வந்தது. சித்தப்பாவும் பக்கத்து வீட்டு அத்தையும் உடன் ஏறிக்கொண்டார்கள். வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி மறைந்த பிறகுதான் நான் கட்டிலடியைப் பார்த்தேன். துணி மூட்டையைக் காணோம்.

அன்றைக்குப் பத்து மணிக்கு அதிகாரியம்மா கற்களைச் சரிபார்க்க வருவதாக இருந்தது. மரத்தடியைக் கூட்டப் போன அப்பா, போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"இருபதுதான் இருக்குது" என்றார் அம்மாவிடம். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதுகில் நாலு வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. சித்தப்பாவுக்குப் போன் போட்டார்.

"ஆமாங்கண்ணா, கையில இறுக்கிப் புடிச்சிருக்குது, உடமாட்டீங்குது. புடுங்கிட்டு வரட்டுங்களா?" என்றது சித்தப்பாவின் குரல்.

"வேண்டாம். அதுகிட்டயே இருக்கட்டும்" என்றார் அப்பா.

அவர் போனை வைத்ததும் அம்மா அடுப்படிக்குப் போய், தேய்ந்து ஒரு பக்கம் ஒடுங்கிப்போன எங்கள் அம்மிக் குழவியை எடுத்துவந்து அவரிடம் நீட்டினாள். அப்பா அதற்கு எண்ணெயும் கரியும் பூசினார். அம்மா குங்குமம் வைத்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை.

குழவியை மரத்தடியில் இருபது கற்களோடு சேர்த்து வைத்துவிட்டு மூவரும் அங்கேயே நின்றோம். ஜீப் சொன்ன நேரத்துக்கு வந்தது. அதிகாரியம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லாகக் கையில் எடுத்து எண்ணினார். பதினெட்டு. பத்தொன்பது. இருபது. அடுத்துக் குழவியை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் குங்குமத்தை விலக்கினார். மூக்கருகே கொண்டுபோனார்.

"வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"கொழுந்தியாளுக்கு வலி வந்து, விடியால ஆஸ்பத்திரிக்குப் போயிருக்குதுங்க. இதுக்கு முன்னால ரெண்டு தங்கலீங்க. இன்னும் ஒரு தகவலும் இல்லீங்க."

அவர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"காலையில என்ன சாப்ட்ட, கண்ணு?"

"தோசைங்க."

"தொட்டுக்க?"

"பொடிங்க. இன்னிக்குச் சட்னி அரைக்கலீங்க."

அம்மா என் தோளை நெரித்த நெரிப்பில் எனக்கு உயிர் போயிற்று. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?

"இருபத்தொண்ணு" என்று அதிகாரியம்மா நோட்டில் எழுதினார். குழவியைப் பதனமாக மற்றக் கற்களோடு வைத்தார். "அளவு இன்னிக்குப் பாக்கல. அடுத்த மாசம் வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

பெரிய அதிகாரியையே ஏமாற்றிவிட்டோம் என்று எனக்கு ஒரே கும்மாளம். மத்தியானம் போன் வந்தது. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம்.

சித்தி வீடு திரும்பியதும் விளக்கேற்றிப் பிள்ளையாரைத் திரும்பக் கொண்டுபோய் விட்டோம். சொன்னபடியே அடுத்த மாதம் அதிகாரியம்மா வந்தார். அந்தச் சின்னக் கல்லை மட்டும் இரண்டு தரம் அளந்து, நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஜீப்பில் ஏறப் போனவர் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு என்ன சட்னி?"

"தேங்காச் சட்னிங்க."

வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஏறிப் போனார்.

இவ்வளவு படித்தவர், எப்போது வந்தாலும் சட்னியையே விசாரிக்கிறாரே, சரியான சாப்பாட்டு ராமனாக இருப்பார் போல என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா அரைப்பதை நிறுத்தினாள். குழவியைப் பிடித்தபடியே அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து அவள் ஏன் அப்படி அழுதாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.