மூளையில் கம்பி வைக்கலாமா என்று இறைவனிடம் கேட்டேன்

என் வலது கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருந்தன. மலைமேல் எங்கள் செம்மேட்டுப் பள்ளிவாசலில் எல்லோரும் நான் விரல்விட்டு எண்ணி இறைவன் பெயரை ஓயாமல் திக்ரு செய்வதாக நினைத்தார்கள். "பாய்க்கு வெரல் நிக்கறதே இல்லீங்க" என்று பெருமையாகச் சொன்னார்கள். எனக்கும் அந்தப் பேர் பிடித்திருந்தது, அது பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர் சொல்லும்வரை.

நான் பி.காம். படித்தவன். மலையில் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்கிறேன். எதையும் எண்ணாமல் விட மாட்டேன். அல்லாஹ்வின் அருளால் முதல் சில ஆண்டுகள் மாத்திரை என்னைத் தாங்கியது. பிறகு புதிதாக ஒன்று வந்தது. மாத்திரை போட்ட சற்று நேரத்தில் கழுத்தும் தோளும் தாமாக நெளியும். நடுக்கம் வேறு, இது வேறு. தொழுகை வரிசையில் பக்கத்தில் நிற்பவரை என் தோள் இடிக்கும். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் என் இரு பக்கமும் ஒவ்வோர் ஆள் இடம் காலியாக இருந்தது. யாரும் வெறுத்து விலகவில்லை, எனக்கு இடம் விட்டார்கள். ஆனாலும் வீட்டுக்கு வந்து அழுதேன்.

கோவையில் நரம்பியல் மருத்துவர், ஒரு அம்மையார், மூன்று வழிகள் சொன்னார். மாத்திரையைக் குறைக்கலாம், நெளிவு குறையும், ஆனால் உடம்பு இறுகும். தோலுக்கடியில் மருந்து செலுத்தும் கருவி வைக்கலாம். அதை நாளெல்லாம் சுமக்க வேண்டும். அல்லது மண்டையில் துளையிட்டு மூளைக்குள் மெல்லிய கம்பி வைக்கலாம். "நோயைப் போக்காதுங்க ஐயா. ஆனா இந்த ஆட்டம் நல்லா அடங்க வாய்ப்பிருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

யோசிப்பதுதானே என் பெரிய வியாதி! கம்பி வைப்பதில் நன்மை எட்டு, தீமை எட்டு என்று எண்ணினேன். ஒன்பதாவது எந்தப் பக்கமும் அகப்படவில்லை.

மகன் அன்வர், "செஞ்சிரலாம் அத்தா" என்றான்.

என் மனைவி ஜுலைகா அவன்மேல் பாய்ந்தாள். "தொளைச்சுப் பாக்க அது என்ன பலாப்பழமா? மண்டைடா!"

இஸ்திகாரா தொழுதேன். எது நல்லதென்று தெரியாதபோது இரண்டு ரக்அத் தொழுது, தேர்வை அல்லாஹ்விடமே ஒப்படைக்கும் வேண்டுதல் அது. கனவில் பதில் வரும் என்று காத்திருந்தேன். ஒரு கனவில் ஆடு கடைச் சாக்கைத் தின்றது. இன்னொன்றில் லாரி ஒன்று பின்பக்கமாகவே ஓடியது. ஆடு சாக்கைத் தின்றால் ஆபரேஷன் செய்யலாமா, கூடாதா?

பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடம் போய்ச் சொன்னேன். சிரித்துவிட்டார். "கனவு வந்தாத்தான் ஆச்சுன்னு யாரு சொன்னாங்க பாய்? கேட்டாச்சுல்ல, காரியத்தத் தொடங்குங்க. நல்லதுன்னா வழி லேசாகும். இல்லீன்னா அவனே திருப்பி உட்ருவான்."

அப்படியே தொடங்கினேன். ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைகளுக்காகச் சில நாள் தங்கச் சொன்னார்கள். மூவரும் பஸ் ஏறினோம். மலையிறங்கி அடிவாரத்துக் காரவள்ளி வந்ததும் ஜுலைகா வாயில் கைவைத்தாள். "ஏனுங்க, பொடி டப்பாவ ஊட்டுலயே உட்டுட்டேனுங்க!"

அது பூனைக்காலி விதைப் பொடி. எங்கள் மலையின் குண்டூர் நாட்டிலிருந்து எங்களுக்கு மிளகு கொண்டுவரும் பெரியண்ணன், நரம்புக்கு நல்லதென்று அன்போடு கொடுத்துக்கொண்டிருந்தார். காலைப் பாலில் கலந்து குடிப்பேன். எங்களுக்கு அது ஏலக்காய்போலப் பாலோடு சேர்ந்த சாமான். வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று மருத்துவர் கேட்டபோதெல்லாம் இல்லையென்றே சொன்னோம்; அது மருந்தாகத் தோன்றவே இல்லை.

"ஒரு டப்பாவை எடுக்கத் தெரியலையே" என்று கடிந்தேன்.

"பஸ்ஸ நிறுத்தச் சொல்லுங்க. ஓடிப்போயி எடுத்தாரேன். எழுவது கொண்டை ஊசி வளைவுதானுங்களே!"

பக்கத்து இருக்கைக்காரர்கூடச் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மருத்துவமனையில் அதே மாத்திரைதான், அதே அளவுதான். ஆனால் நாளுக்கு நாள் நெளிவு தணிந்தது. மருத்துவர் என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜுலைகாவிடம், "ஏம்மா, வீட்ல சாப்பிட்டு இங்க சாப்பிடாதது என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்களே டாக்டரம்மா. பால்ல பூனைக்காலிப் பொடி போட்டுக் குடுப்பனுங்க. அதையும் மறந்து தொலச்சுட்டேன்."

"நல்லவேளை மறந்தீங்கம்மா! மாத்திரையில இருக்கிற மருந்துதான் அந்த விதையிலயும் இருக்கு. ரெண்டு வழியிலயும் உள்ள போயி, அளவு மிஞ்சித்தான் இந்த ஆட்டம். பொடியில எவ்வளவு போச்சுன்னு யாருக்குத் தெரியும்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆபரேஷன் இப்ப வேண்டாம் ஐயா. மாத்திரையை மட்டும் சரிபண்ணிப் பாப்போம். பின்னால தேவைப்பட்டா அப்பப் பேசிக்கலாம்."

அல்ஹம்துலில்லாஹ்! அறையில் தொழும் திசையான கிப்லா எந்தப் பக்கம் என்று அன்வரிடம் கேட்டேன். எழுந்திருக்க அவன் கைகொடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் தரையில் நெற்றி வைத்து சஜ்தா செய்தேன். எனக்குத் தெரியாத ஒன்றைக் காட்ட, என் மனைவியை ஒரு டப்பாவை மறக்க வைத்தான் அல்லாஹ். அதற்கா நான் அவளைக் கடிந்தேன்!

நாங்கள் வீடு திரும்பியதும் செய்தி கேட்டுப் பெரியண்ணன் ஓடிவந்தார். "ஏனுங்க பாய், நான் வெசத்தையா குடுத்தேன்?" அவர் கண் கலங்கியிருந்தது.

"இல்லை சாமி. நீங்க குடுத்தது மருந்துதான். நான்தான் அதைப் பாலுன்னு நெனச்சுட்டேன்" என்றேன். ஜுலைகா அவருக்குக் காப்பி கொடுத்தாள். எனக்கும் தம்ளரை நீட்டி, "வெறும் காப்பிதானுங்க, பயப்படாமக் குடிங்க" என்றாள்.

நோய் என்னை விட்டுப் போகவில்லை. சட்டைப் பொத்தான் போட இன்னும் நேரமாகிறது. ஆனால் வரிசையில் நிற்கிறேன், என் நெற்றி தரையைத் தொடுகிறது. இதற்கு நன்றி சொல்லத் தொடங்கினால் எண்ணிக்கையே எனக்குத் தப்பிவிடுகிறது.

சகோதரர்களே, நீங்களும் அல்லாஹ்விடம் கேளுங்கள். கேட்டபின் உட்கார்ந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் போங்கள்; வீட்டில் பாலில் என்ன கலக்கிறது என்பதுவரை சொல்லுங்கள். யார் சொன்னாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நாளை எனக்கு அந்த ஆபரேஷனே தேவைப்படலாம். அப்போதும் இரண்டு ரக்அத் தொழுவேன். தொழுதுவிட்டுக் கனவுக்குக் காத்திருக்க மாட்டேன். கோவைக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று அன்வரிடம் கேட்பேன்.